உடன்பிறந்தவருக்கு வீட்டுப் பங்கை விற்கும்போது

தந்தை காலமாகி ஓராண்டு கழிந்திருக்கிறது. தாய் முன்பே மறைந்துவிட்டார். தானே நகரில் அவர் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் மகன் குடும்பத்துடன் வசிக்கிறார். மூத்த மகள் புனேயில் இருக்கிறார். இளைய மகள் பெங்களூருவில். திவசத்துக்குக் கூடிய இடத்தில் பேச்சு எழுகிறது. “வீட்டை நீயே வைத்துக்கொள் அண்ணா, எங்கள் பங்குக்கு உன்னால் முடிந்ததைக் கொடு” என்கிறார் தங்கை. அக்காவும் தலையசைக்கிறார். எல்லோருக்கும் மனம் நிறைகிறது.

இந்தக் குடும்பம் ஓர் எடுத்துக்காட்டுக்காக நாம் அமைத்துக்கொண்டது. ஆயினும் இத்தகைய பேச்சு நம் வாடிக்கையாளர் பலருடைய வீட்டில் நடந்திருக்கும். நல்ல மனத்துடன் தொடங்கும் இந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் வழக்காகவோ வரி அறிவிப்பாகவோ மாறுவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமாவதில்லை. ‘நமக்குள் என்ன பத்திரம்’ என்ற எண்ணமே காரணமாகிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் முன்னோர் சொல். அந்நியருக்கு விற்கும்போது எவ்வளவு கவனம் கொள்வோமோ, அதில் இம்மியும் குறையாமல் உறவினருக்கு விற்கும்போதும் கொள்ள வேண்டும். எந்த இடங்களில் அந்தக் கவனம் தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகக் காண்போம்.

பங்கு யாருடையது?

விற்பதற்கு முன், எவ்வளவு நம்முடையது என்பது தெளிவாக வேண்டும். இருவர் சேர்ந்து வாங்கிய வீடாயின் கிரயப் பத்திரத்தில் பங்கு விகிதம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்திரம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், வாங்கும்போது யார் எவ்வளவு பணம் கொடுத்தார் என்ற வங்கிக் கணக்கு விவரங்கள் முக்கியத்துவம் பெறும்.

வாரிசுரிமையாக வந்த வீட்டில் கணக்கு சற்று நுட்பமானது. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் மறைந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. பலரும் மறந்துவிடுவது இந்தத் தாயாரைத்தான். தந்தை மறைந்தபோது பாட்டி உயிருடன் இருந்திருந்தால் ஒரு பங்கு அவருக்குச் சேர்ந்திருக்கும். பின்னர் அவரும் உயில் எழுதாமல் மறைந்திருந்தால், அந்தப் பங்கு அவருடைய பிற பிள்ளைகளுக்கும், அதாவது நம் சித்தப்பா, அத்தை முதலியோருக்கும் போயிருக்கும். மூவர் மட்டுமே உரிமையாளர் என்று நினைத்துக் கையொப்பமிட்ட பத்திரத்தில் இப்படி ஒரு குறை பின்னாளில் வெளிப்படுவது உண்டு.

மகள்களின் பங்கு குறித்து இன்று ஐயத்துக்கு இடமில்லை. கூட்டுக் குடும்பப் பூர்விகச் சொத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மகளுக்கு மகனுக்கு இணையான உரிமையைப் பிறப்பிலேயே வழங்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. கிறித்தவர், இசுலாமியர் ஆகியோருக்குப் பங்கு விதிகள் வேறு; அவரவர் சட்டப்படியே கணக்கிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுவசதிச் சங்கத்திலோ வங்கியிலோ நியமனதாரராகப் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளின் சார்பில் பெற்றுக்கொள்ளும் பொறுப்பே அவருடையது.

பங்குதாரர்களில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மறைந்த சகோதரரின் சிறு குழந்தைக்கு உரிய பங்கை, நீதிமன்ற அனுமதியின்றித் தாய் விற்றுவிட்டால், அந்தக் குழந்தை வளர்ந்த பின் விற்பனையை எதிர்க்க இயலும்.

யாருக்கு முதல் உரிமை?

பிரிக்கப்படாத பங்கை விற்க ஒவ்வொரு கூட்டு உரிமையாளருக்கும் உரிமை உண்டு. மற்றவர் சம்மதம் இல்லாமலும் விற்கலாம். ஆயினும் சட்டம் குடும்பத்தின் பக்கம் சற்றே சாய்கிறது. வாரிசுரிமையாகச் சேர்ந்து பெற்ற சொத்தில் ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால், உடன் வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தருகிறது. ஒருவருக்கு மேற்பட்டோர் வாங்க விரும்பினால், அதிக விலை தர முன்வருபவருக்கே முதலிடம்.

குடும்பம் வாழும் வீட்டின் பங்கை அந்நியர் வாங்கினாலும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அவரை வீட்டுக்குள் குடியேற விடுவதில்லை. அவர் பாகப்பிரிவினை கோரலாம், அவ்வளவே. அப்படி அவர் வழக்குத் தொடர்ந்தாலும், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அப்பங்கைக் குடும்பத்தினர் வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது. இந்தக் காரணங்களால் வெளியார் பங்கு வாங்கத் தயங்குவர். எனவே வாங்குபவர் பெரும்பாலும் உறவினராகவே அமைகிறார்.

நம் எடுத்துக்காட்டில் இளைய மகள் மட்டும் அண்ணனுக்கு விற்கிறார், அக்கா தம் பங்கை வைத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். அக்காவுக்கும் வாங்கும் முன்னுரிமை உண்டு என்பதால், விலையைத் தெரிவித்து அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்வது நல்லது. ஒரு பக்கக் கடிதம்தான். பின்னாளில் எழக்கூடிய ஒரு பெரிய மனத்தாங்கலை அது தடுக்கும்.

விற்பனையா, விடுதலையா, தானமா?

ஒரே நோக்கத்துக்கு மூன்று வகைப் பத்திரங்கள் உள்ளன. விலை பெற்றுக்கொண்டு பங்கை மாற்றுவது கிரயப் பத்திரம். ஒரு கூட்டு உரிமையாளர் இன்னொரு கூட்டு உரிமையாளருக்குத் தம் உரிமையை விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். இதைப் பணம் பெற்றும் செய்யலாம், பெறாமலும் செய்யலாம். அன்பின் பேரில் விலையின்றிக் கொடுப்பது தானப் பத்திரம்.

விடுதலைப் பத்திரம் பங்குதாரர்களுக்கு இடையில்தான் பொருந்தும். அக்காள் மகனோ மைத்துனரோ அந்த வீட்டில் பங்கு இல்லாதவராயின், அவர் பெயருக்குக் கிரயமோ தானமோதான் எழுத வேண்டும்.

முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு 1 சதவீதத் தீர்வைதான்; அதற்கும் 2023 முதல் 40,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. மகாராஷ்டிரத்தில் குடியிருப்பு வீட்டைக் கணவன், மனைவி, மகன், மகள், பேரப்பிள்ளைகளுக்குத் தானமாக எழுதினால் அடிப்படைத் தீர்வை 200 ரூபாய்; அந்தச் சலுகைப் பட்டியலில் உடன்பிறந்தவர் இல்லை. ஒரு மாநிலத்தில் உறவினர் சொன்ன அனுபவத்தை வைத்து இன்னொரு மாநிலத்தில் கணக்குப் போடுவது தவறாகும். வீடு இருக்கும் மாநிலத்தின் விதியைச் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பத்திர எழுத்தரிடமோ முதலில் கேட்டறிய வேண்டும்.

தீர்வையைக் குறைப்பதற்காக ‘விலையின்றி’ என்று எழுதிவிட்டுப் பணத்தைத் தனியே கைமாற்றிக்கொள்வதை மட்டும் செய்யவே கூடாது. விற்பவருக்குத் தம் பணத்தைக் கேட்க ஆதாரம் இருக்காது. வாங்குபவருக்குத் தாம் கொடுத்ததை நிரூபிக்க வழி இருக்காது.

எந்தப் பத்திரமாயினும் பதிவு செய்தே ஆக வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமை மாற்றத்தை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்துகிறது. எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் பதிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வீட்டு அலமாரியில் வைத்த உடன்படிக்கை உரிமையை மாற்றாது. பொது அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்து ‘விற்றதாக’ வைத்துக்கொள்வதும் அப்படியே. அது உரிமை மாற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

பாசத்தால் குறைத்த விலையும் வரியும்

உறவினருக்கு விற்பதில் பலரும் எதிர்பாராத இடர் இங்கேதான் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு 90 லட்சம் ரூபாய் என்க. இந்த நிர்ணய மதிப்பைத் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்பர். வேறு மாநிலங்களில் வேறு பெயர்கள் உண்டு. மூவரின் பங்கும் தலா 30 லட்சம் ஆகிறது. தங்கை பாசத்துடன், “20 லட்சம் போதும்” என்கிறார்.

தந்தை இவ்வீட்டை 1996இல் வாங்கினார். 2001 ஏப்ரல் 1 அன்று வீட்டின் மதிப்பு 6 லட்சம் என்று கொண்டால், தங்கையின் பங்குக்கு அடக்க விலை 2 லட்சம். வாரிசுச் சொத்தில் முந்தைய உரிமையாளரின் அடக்க விலையும் அவர் வைத்திருந்த காலமும் நமக்கே வந்துசேர்கின்றன. 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்த ஆண்டின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீடு என்பதால் இது நீண்டகால மூலதன ஆதாயம்.

தங்கை நினைப்பது: பெற்றது 20 லட்சம், அடக்கம் 2 லட்சம், ஆதாயம் 18 லட்சம்; 12.5 சதவீத வரி 2.25 லட்சம். சட்டம் கணக்கிடுவது வேறு. நிர்ணய மதிப்பு விற்பனை விலையின் 110 சதவீதத்தைத் தாண்டினால், நிர்ணய மதிப்பே விற்பனை விலையாகக் கொள்ளப்படும். 20 லட்சத்தின் 110 சதவீதம் 22 லட்சம். நிர்ணய மதிப்போ 30 லட்சம். எனவே ஆதாயம் 28 லட்சமாகி, வரி 3.5 லட்சம் ஆகிறது. அதன்மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. கைக்கு வராத 10 லட்சத்துக்குத் தங்கை 1.25 லட்சம் வரி கட்டுகிறார். வாங்குபவர் அண்ணன் என்பதால் இந்த விதி தளர்வதில்லை.

அண்ணனின் நிலை வேறு. குறைந்த விலைக்குச் சொத்துப் பெறுபவருக்கும் வரி விதிக்கும் விதி ஒன்று உண்டு. ஆனால் கொடுப்பவர் ‘உறவினர்’ ஆயின் அது பொருந்தாது. வருமான வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் உறவுமுறையைவிடச் சிறியது. வாழ்க்கைத் துணை, உடன்பிறந்தோர், பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோரின் உடன்பிறந்தோர், துணைவரின் உடன்பிறந்தோர் முதலியோர் அதில் உள்ளனர். சித்தப்பா மகனும் அத்தை மகளும் அதில் இல்லை. தாய்மாமன் தம் அக்காள் மகனுக்குக் குறைத்துக் கொடுத்தால் பெறுபவருக்கு வரி இல்லை. அக்காள் மகன் தாய்மாமனுக்குக் குறைத்துக் கொடுத்தால் மாமனுக்கு வரி உண்டு.

அப்படியானால் தங்கை என்ன செய்யலாம்? உண்மையிலேயே விட்டுக்கொடுக்க விரும்பினால், விலை எதுவுமின்றித் தானமாகவோ விடுதலையாகவோ எழுதிக்கொடுக்கலாம். அவருக்கு மூலதன ஆதாயம் எழாது, அண்ணனுக்கும் வரி இல்லை. பணம் தேவைப்பட்டால், நிர்ணய மதிப்பை ஒட்டிய விலைக்கே விற்று, அதையே பத்திரத்திலும் எழுதுவது முறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையை வைப்பதாயின், வரியையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்க ஈட்டுடன் 20 சதவீதம் அல்லது ஈடின்றி 12.5 சதவீதம், இவற்றில் வரி குறைவானதன் பயனை இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பெறலாம். மேலும், பங்கு விற்ற ஆதாயத்தைக் கொண்டு 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வரி விலக்குப் பெற வழி உண்டு. 6 மாதங்களுக்குள் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் 50 லட்சம் ரூபாய் வரை முதலிட்டு, 5 ஆண்டுகள் வைத்திருப்பது மற்றொரு வழி. வீடு உடனே அமையாவிடில், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் செலுத்தி வைக்கலாம். ஒவ்வொரு பங்குதாரரும் இச்சலுகைகளைத் தனித்தனியே பெறுகிறார்.

வீட்டின்மீது கடன் இருந்தால்

இன்னொரு குடும்பத்தை எண்ணுவோம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடன் பெற்று ஒரு வீடு வாங்கினர். தம்பிக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. தம் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்து, இனித் தவணையை அண்ணனே கட்டுவார் என்று முடிவு செய்கின்றனர். தம்பியின் பெயர் வீட்டிலிருந்து நீங்கிவிடும், கடனிலிருந்து நீங்காது.

கூட்டாகக் கடன் பெற்ற ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பாவர். அண்ணன் ஒரு தவணையைத் தவறவிட்டால் தம்பியின் கடன் வரலாற்றிலும் அது பதியும். தம்பி புதிய ஊரில் வீட்டுக் கடன் கேட்கும்போது பழைய கடனின் தவணையும் அவர் கணக்கில் சேரும். வீடும் இல்லை, புதுக் கடனும் கிடைக்கவில்லை என்ற நிலை அவருக்கு ஏற்படலாம். அடமானத்தில் உள்ள வீட்டின் பங்கை வங்கியின் அனுமதியின்றி மாற்றுவது கடன் ஒப்பந்தத்துக்கும் மாறானது.

ஆகவே பத்திரம் எழுதுவதற்கு முன்பே இருவரும் கடன் பெற்ற கிளைக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணனின் வருமானம் மட்டும் மீதிக் கடனைத் தாங்குமா என்று வங்கி மதிப்பிடும். தாங்குமாயின் அவர் பெயரில் மட்டும் கடன் ஒப்பந்தம் திருத்தி எழுதப்படும். தம்பி விடுவிக்கப்பட்டதற்கான கடிதமும் கிடைக்கும். தாங்காதெனில் அண்ணியையோ வேறொருவரையோ இணைக் கடனாளியாகச் சேர்க்கலாம். அல்லது கடனின் ஒரு பகுதியை அடைக்கலாம். சில மாதங்கள் கழித்துத் தம்பி தம் கடன் தகவல் அறிக்கையைப் பெற்றுப் பெயர் நீங்கியதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடனை முழுவதும் அடைத்து விற்பதாயின், அடைத்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவற்றால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பங்கை வாங்கவே கடன் தேவைப்பட்டால் அதற்கும் விண்ணப்பிக்கலாம். உறவினர்களுக்கு இடையிலான விற்பனையை வங்கிகள் கூடுதல் கவனத்துடன் ஆராய்கின்றன. உண்மையான விற்பனையா, விலை மதிப்புக்கு ஏற்றதா, எல்லா வாரிசுகளும் கையொப்பமிட்டனரா என்று சட்ட வல்லுநரும் மதிப்பீட்டாளரும் பார்ப்பர். கடன் தொகை நேரே விற்பவரின் கணக்குக்குச் செல்லும். இந்தக் கேள்விகளால் மனம் வருந்த வேண்டியதில்லை. வாங்குபவரின் உரிமையையும் அவையே காக்கின்றன.

பணம் கைமாறும் முறை

வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறச் சட்டம் இடம் தருவதில்லை; மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. முன்பணம் முதல் கடைசித் தொகை வரை எல்லாம் வங்கிக் கணக்கு வழியாகவே செல்லட்டும்.

விலையோ நிர்ணய மதிப்போ 50 லட்சம் ரூபாயை எட்டினால், வாங்குபவர் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், விற்பவர் பலராயினும் மொத்தத் தொகையே கணக்கில் கொள்ளப்படும். நம் அண்ணன் இரு சகோதரிகளிடமும் தலா 30 லட்சத்துக்கு வாங்கினால் மொத்தம் 60 லட்சம். ஆகவே ஒவ்வொருவர் தொகையிலும் 30,000 ரூபாய் பிடிக்க வேண்டும். சகோதரிகள் தம் வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்வர்.

விற்கும் சகோதரி வெளிநாட்டில் வசிப்பவராயின் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் மிகக் கூடுதலாக இருக்கும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் பெறலாம். விற்ற பணத்தை வெளிநாடு வாழ் இந்தியருக்கான சாதாரண ரூபாய்க் கணக்கில் பெற்று, உரிய வரி கட்டிய பின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப இயலும். நேரில் வர இயலாதவர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும். அந்த அதிகாரத்தை வாங்கும் அண்ணனிடமே கொடுக்காமல், பங்கு ஏதும் இல்லாத நம்பிக்கையான ஒருவரிடம் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பதிவுக்குப் பின்

பத்திரம் பதிவானதுடன் பணி முடிவதில்லை. வில்லங்கச் சான்றில் புதிய பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு, வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் மாற்ற வேண்டும். வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தையும் திருத்த வேண்டும். விற்றவர் தம் ஆண்டு வரிக் கணக்கில் இந்த ஆதாயத்தைக் காட்ட வேண்டும். வாங்கியவர் ஓர் உயிலும் எழுதி வைத்தால், இதே சிக்கல் அடுத்த தலைமுறைக்குப் போகாது.

தானே வீட்டுக்குத் திரும்புவோம். தங்கை சொன்ன “உன்னால் முடிந்ததைக் கொடு” என்ற சொல்லில் குறை ஏதும் இல்லை. அந்தச் சொல்லை ஒரு தொகையாகவும் ஒரு தேதியாகவும் மாற்றி, பதிவு செய்த பத்திரமாக எழுதிவைப்பதே மூவரும் அடுத்துச் செய்ய வேண்டியது. விலை பேசும்போது சற்றுக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பத்திரத்தைப் படிக்கும்போது அதில் கேட்பதற்கு எந்தக் கேள்வியும் இருக்காது. பங்கை விற்ற தங்கையும் ஒவ்வொரு பண்டிகைக்கும் உரிமையோடு அந்த வீட்டுக்கு வந்துபோவார்.